யாரும் வைக்காத பள்ளம்

பருவத்தின் முதல் நாள் காலையில் வானியல் துறையின் அறிவிப்புப் பலகை முன்னால் சின்னவள் நின்றபோது, அத்தானின் தடித்த கோட்டு அவள் கையில் இருந்தது. அத்தானுக்கு மீன் வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் வேலை. மலைமேல் தொலைநோக்கி இருக்கும் இடத்தில் குளிர் எலும்பைத் துளைக்கும் என்று அக்காதான் அவரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். எத்தனை முறை துவைத்தும் மீன் வாடை போகவில்லை. இடம் கிடைக்குமுன்பே கோட்டு வந்தாயிற்று. அவ்வளவு நம்பிக்கை.

பலகையில் இரண்டாம் ஆண்டுக்காரர்களுக்கான வாய்ப்புகள் ஒட்டியிருந்தன. கோளரங்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டலாம், ஆய்வகத்தில் கண்ணாடி துடைக்கலாம். அதையெல்லாம் யார் சீண்டினார்கள்? எல்லோர் கண்ணும் மலைமேல்தான். அங்கே போக ஒரே ஒரு இடம்.

அதற்காக விடுமுறைக்கு முன்பே பேராசிரியை ஒரு போட்டி வைத்திருந்தார். நூற்றுக்கணக்கான நட்சத்திரங்களின் ஒளி அளவுகளை எல்லோருக்கும் கொடுத்தார். ஒரு கோள் தன் நட்சத்திரத்தின் குறுக்கே போனால் ஒளி துளியூண்டு குறையும். வரைபடத்தில் சின்னப் பள்ளமாகத் தெரியும். அப்படி ஒரு பொய்ப் பள்ளத்தை அவரே கணினியில் செய்து ஏதோ ஒரு நட்சத்திரத்தில் ஒளித்திருந்தார். வானியல்காரர்கள் தங்கள் கண்ணையே சோதித்துக்கொள்ள இப்படிக் கண்ணி வைப்பது வழக்கம். கண்டுபிடிப்பவருக்கு மலை.

சின்னவள் விடுமுறை பூராவும் கண் நோகத் தேடி ஒரு பள்ளத்தைப் பிடித்தாள். பிடித்தபின் மிச்ச நட்சத்திரங்களைத் திறக்கக்கூட இல்லை. வைத்ததே ஒன்றுதானே.

பலகையில் இருந்தது தூங்குமூஞ்சியின் பெயர். விடுதியில் இவளோடு ஒரே அறை. முதல் பாடத்திலேயே தலை சாய்ந்துவிடும் பிறவி. ராத்திரி பூரா விழித்திருக்கிற வேலைக்கு இவளா? வேறு நாளாக இருந்தால் சின்னவள்தான் முதலில் சிரித்திருப்பாள். இப்போது கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினாள். நேராகப் பேராசிரியையின் அறைக்குப் போனாள்.

"மேடம், நானும் கண்டுபிடிச்சிருந்தேனே."

"நீ சொன்னது வேற நட்சத்திரம்மா. நான் வெச்சது கடைசிப் பக்கத்துல இருந்துச்சு. அவ ஒண்ணு விடாம பாத்திருக்கா."

"அப்ப என்னுது?"

"ஏதாவது தப்பா பாத்திருப்ப. உக்காரு, காட்டறேன்."

பேராசிரியை, பொய்ப் பள்ளம் சேர்ப்பதற்கு முந்தைய மூல அளவுகளைத் திறந்தார். சின்னவள் சொன்ன நட்சத்திரம் திரையில் வந்தது. பள்ளம் அங்கேயும் இருந்தது. பக்கத்து நட்சத்திரங்களைப் பார்த்தார்; அவற்றில் இல்லை. கருவிக் கோளாறா என்று துழாவினார், அதுவும் இல்லை. கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இத நான் வெக்கலம்மா."

"அப்ப யாரு மேடம் வெச்சா?"

"யாரும் வெக்கல."

அப்படியானால் அங்கே நிஜமாகவே ஏதோ ஒரு கோள் சுற்றிக்கொண்டிருக்கலாம். மடியிலிருந்த கோட்டு வழுக்கி விழுந்ததுகூடச் சின்னவளுக்குத் தெரியவில்லை.

பேராசிரியை கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு, "நிஜம்தானான்னு இன்னொரு தடவ குறைஞ்சாதான் சொல்ல முடியும். இந்த வாரமே குறையலாம். மலையில அததான் பாக்கணும்," என்றார்.

"அப்ப நான் போகலாமா மேடம்?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "அவளுக்குன்னு சொல்லியாச்சேம்மா. அவ நேர்மையா ஜெயிச்சா. அங்க ரெண்டு பேருக்கு இடமில்ல."

மதியம் வேன் வந்தது. தூங்குமூஞ்சி மெல்லிய சட்டையோடு நின்றாள்; விஷயம் கேட்டதிலிருந்து அவள் முகத்திலும் ஈயாடவில்லை.

"நான் வேணா போகலடி," என்றாள்.

"லூசு. யாராவது பாக்க வேணாமா?" சின்னவள் அழுதுகொண்டே கோட்டை அவளுக்கு மாட்டிவிட்டாள். "தூங்கித் தொலைச்ச, கொன்னுடுவேன்."

"இந்த நாத்தத்துல எங்கடி தூங்கறது?"

வேன் திரும்பியது. கோட்டுக் கை நீளம் என்பதால், ஜன்னலுக்கு வெளியே விரல்கள் தெரியவில்லை. வெறும் கோட்டுக் கை மட்டும், தெருமுனை வரைக்கும், ஆடிக்கொண்டே போனது.