குட்டை வயர் போதும்

…பூட்டு என்ற வார்த்தை மட்டும் வாயில் வந்துவிடக் கூடாது, மற்றபடி எதை வேண்டுமானாலும் சொல்லலாம், ராத்திரியில் மின்சாரம் மலிவு, அதுவாகவே ஓடும் அதுவாகவே நிற்கும், அரிசி குக்கரும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடினால் வீடு ட்ரிப் ஆகாமல் வண்டிக்குப் போகிற மின்சாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், இதெல்லாம் உண்மைதானே, இதில் பொய் எங்கே இருக்கிறது… நகோயாவிலிருந்து ரயிலில் வரும்போது வழி முழுக்க இதைத்தான் உதட்டுக்குள் ஒப்பித்துக்கொண்டு வந்தேன், எதிரில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள். இப்போது அப்பாவின் சூட்டு மேசைக்குள், அடியில் ஹீட்டர் வைத்துப் போர்வை போர்த்திய அந்த மேசைக்குள், காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன், அப்பா ஹிகுச்சிக்கு மூன்றாவது தடவையாக டீ ஊற்றுகிறார், மேசையில் முள்ளங்கி ஊறுகாய்த் தட்டுக்கு இரண்டு பக்கமும் மின்சாரக் காருக்கான இரண்டு சார்ஜர். ஒன்று சாம்பல் நிறத்தில் சோப்புப் பெட்டி மாதிரி, ஒரே ஒரு பச்சை விளக்கு. இன்னொன்று கறுப்பு, கண்ணாடி முகம், போனோடு பேசும். யாருடைய போனோடு என்பதுதான் விஷயம். என் போனோடு. நான் நகோயாவில் இருந்தபடியே விரலால் ஒரு தட்டுத் தட்டினால் இந்த மலையடிவாரத்துக் கொட்டகையில் அப்பாவின் வண்டிக்கு ஒரு சொட்டு மின்சாரம் ஏறாது.

ஹிகுச்சியிடம் போனில் முன்பே கேட்டுவிட்டேன். அவன் ஊருக்கு இருக்கிற ஒரே மின்கடைக்காரன், சின்ன வயதில் எங்கள் வீட்டு வாசலில் பந்து விளையாடியவன், அப்பாவை மாமா என்பான், என்னை அக்கா என்பான். தூரத்திலிருந்து பூட்ட முடியுமா என்று கேட்டதும், "முடியும்க்கா… மாமாவுக்குத் தெரியுமா?" என்றான். நீ சொல்லாதே என்றேன். "நான் ஏன்க்கா சொல்றேன்," என்று ஒரு சிரிப்புச் சிரித்தான், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, இப்போதும் அவன் என் முகத்தைப் பார்க்காமல் ஊறுகாயைக் கடித்துக்கொண்டிருப்பது பிடிக்கவில்லை. நான் என்ன திருடியா? எண்பத்தொரு வயது மனுஷர் மலைச்சாலையில் வண்டி ஓட்டுகிறார், பெற்ற மகள் பயப்படுவது ஒரு குற்றமா? புது வருஷத்துக்கு வந்தபோது நேராகவே கேட்டேனே, லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், இந்த வயதில் எல்லோரும் கொடுக்கிறார்கள், பஸ்ஸில் சலுகை கூடத் தருகிறார்கள் என்று… கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தவர்தான், அந்தப் பண்டிகை முடியும்வரை என்னிடம் பேசவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு தடவை வருகிற பஸ், அதில் என்ன சலுகை வேண்டிக்கிடக்கிறது என்று கடைசியில் ரயிலடியில் முணுமுணுத்தார். அதுவும் நியாயம்தான். ஊர் பெட்ரோல் பங்கை மூடியபோது எல்லாக் கிழவர்களும் கேன்களைத் தூக்கிக்கொண்டு அலைய, இவர் மட்டும் மின்சார வண்டி வாங்கினார், ஊராட்சி அலுவலக வாசலில் சார்ஜ் போட்டுக்கொண்டார், அந்தச் சார்ஜர் பழசாகிப்போய் அதையும் பிடுங்கிவிட்டார்கள், இனி வீட்டில் மாட்டினால் வண்டி உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வண்டி இல்லாவிட்டால் மலைக்கு அந்தப் பக்கத்து வெந்நீர்க் குளியல் இல்லை. அங்கேதான் தினமும் நாலு பேரோடு கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து ஊரைத் திட்டிவிட்டு வருகிறார், அம்மா போனபிறகு அவர் வாய்விட்டுப் பேசுகிற இடம் அது ஒன்றுதான், எனக்கு அது தெரியாமல் இல்லை… தெரிந்துதான் இந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒகிதா அம்மாவின் போன் மட்டும் வந்திருக்காவிட்டால். பக்கத்து வீடு, தேன் ஒழுகப் பேசுவாள், குறை சொல்வதாக இருந்தால் பாராட்டித்தான் சொல்வாள், இந்த ஊரில் அது ஒரு கலை. "உங்கப்பாவுக்கு என்ன தெம்பு, ரிட்சுகோ! காலங்காத்தால வண்டிய நடுரோட்டுல குறுக்க நிறுத்திட்டு எவ்வளவு நிதானமா யோசிக்கிறாரு! எங்க வீட்டுக்காரர் ஹாரன் அடிச்சும் அசையவே இல்ல. நமக்கெல்லாம் வருமா அந்த நிதானம்!" நடுரோட்டில் குறுக்காக எதற்கு நின்றார், எங்கே போகிறோம் என்று மறந்துபோனதா? வயதானவர்களுக்கு லைசென்ஸைப் புதுப்பிக்க வைக்கிற நினைவுச் சோதனையில் போன வருஷம்தான் காட்டிய படங்களையெல்லாம் வரிசையாகச் சொல்லித் தேறினார், பீரங்கி, வண்டு, ரேடியோ என்று போனில் எனக்கும் ஒருமுறை ஒப்பித்துக் காட்டினார், ஆனால் ஒரு வருஷம் என்பது இந்த வயதில் எவ்வளவு நீளம்…

"சாதாவே போதுமேடா," என்று அப்பா சோப்புப் பெட்டியைக் கையில் எடுத்து எடை பார்க்கிறார், "பேசற பெட்டி எனக்கு எதுக்கு? பேசறதுக்குத்தான் வாரம் ஒரு தடவ போன் பண்ணி, சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு இவ இருக்காளே."

"மாமா, அது பேசாது, சொன்னதக் கேக்கும்."

"அப்ப நம்ம வீட்டுக்கு ஒத்துவராது. சொன்னதக் கேக்கற வழக்கம் இந்த வீட்டுல யாருக்கும் இல்ல."

இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நான் ஒப்பித்ததை அவிழ்த்துவிட்டேன், ராத்திரி மின்சாரம், குக்கர், ஹீட்டர், ட்ரிப், குரல் ஏன் இப்படி விளம்பரக்காரி மாதிரி உயர்கிறது, அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறார், அவர் இவ்வளவு பொறுமையாக நான் சொல்வதைக் கேட்டதே கிடையாது. எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, முதல்ல எங்க மாட்டறதுன்னு பாப்போம்," என்று எழுந்தார். எழும்போது மேசையைப் பிடித்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

கொட்டகை காலியாக இருந்தது, அளப்பதற்காக வண்டியை ஹிகுச்சி எதிர்த் தரிசில் கொண்டுபோய் விட்டிருந்தான், முதியவர் ஓட்டுகிறார் என்ற ஸ்டிக்கரோடு சின்னதாக, வெள்ளையாக நின்றது. ஹிகுச்சி டேப்பை இழுத்துக்கொண்டே, "வண்டிக்கு சார்ஜ் ஏத்தற ஓட்டை முன்மூக்குலதான் இருக்கு, அதனால முன்தூண்ல மாட்டிரலாம், பனி விழுந்தாலும் கூரைக்குள்ளதான் இருக்கும். இல்ல பின்சுவர்லதான் வேணும்னா நீள வயர் போட்டு முன்னாடி வரைக்கும் இழுக்கணும்," என்றான். சரியாகத்தான் சொன்னான், இந்த ஊரில் மூக்கை உள்ளே விட்டு வண்டி நிறுத்துபவர் யாரும் இல்லை, எல்லோரும் பின்பக்கமாகத்தான் ஏற்றுவார்கள், காலையில் பனியில் நேராக வெளியே வந்துவிடலாம், அப்படி நிறுத்தத் தெரியாதவனை ஓட்டுநர் என்றே சேர்க்க மாட்டார்கள். அதிலும் அப்பா… சாக்கே என்கிற அரிசி மது வடிக்கிற ஆலையில் லாரி ஓட்டியவர், ஆலைச் சந்துக்குள் பின்பக்கமாக ஒரே இழுப்பில் போவதைப் பார்க்கத் தெருவே நிற்கும், எனக்கு வண்டி பழக்கியபோது இதே கொட்டகைக்குள் பின்னால் நின்றுகொண்டு, வா, வா, இன்னும் வா, கண்ணாடியப் பாக்காத, கழுத்தத் திருப்பு என்று கத்துவார், நான் அழுதுகொண்டே ஏற்றுவேன்.

"பின்சுவர்லயே மாட்டு," என்றார் அப்பா. "குட்டை வயர் போதும்."

எனக்குள் என்னவோ துள்ளியது. சொல்லவே கூசுகிறது, அது சந்தோஷம். பார், ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிட்டது, இனி பூட்டுவது பாவமே இல்லை, எந்த டாக்டரிடமும் சொல்லலாம், எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். "அப்பா, ஓட்டை மூக்குல இருக்குப்பா. பின்சுவர்ல குட்டை வயர் எப்படி எட்டும்?" என்று குழந்தைக்குச் சொல்கிற குரலில் சொன்னேன்.

"மூக்குலதான் இருக்கு. தெரியும்."

ஹிகுச்சி டேப்பைச் சுருட்டினான். மறுபடி இழுத்தான். அளப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது, காலையில் வண்டியை எடுத்தவன் அவன்தானே, அது எப்படி நின்றது என்று பார்த்திருப்பானே…

"நான் இப்ப மூக்கத்தான் உள்ள விடறேன்," என்றார் அப்பா, சுவரைப் பார்த்து. "கழுத்து திரும்ப மாட்டேங்குது."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். பனி கரைந்ததிலிருந்து என்றார். பனி கரைந்து, நாற்று நட்டு, அறுத்தும் ஆகிவிட்டது, இத்தனை நாளும் நான் வாராவாரம் போன் செய்து சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டிருக்கிறேன், கழுத்து திரும்புகிறதா என்று யார் கேட்பார்கள்? அப்படியானால் ஒகிதா அம்மா பார்த்தது அதுதான், மறதி இல்லை, யோசனையும் இல்லை, உள்ளே நேராகப் போனவர் வெளியே பின்பக்கமாகத்தானே வர வேண்டும், திரும்பாத கழுத்தோடு ரோட்டுக்குப் பாதி வந்துவிட்டு, பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அப்படியே நின்றிருக்கிறார். நினைவு நன்றாகத்தான் இருக்கிறது. இது மறதியைவிட மோசம் இல்லையா? இந்த ரோட்டில்தானே மஞ்சள் தொப்பி போட்ட பிள்ளைகள் வரிசையாகப் பள்ளிக்கூடம் போகிறார்கள்… நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "பசங்க போற சத்தம் அடங்கினப்புறம்தான் எடுப்பேன்," என்றார். "ஜன்னல்கிட்ட உக்காந்து கேட்டுட்டு இருப்பேன். அன்னிக்கு ஒருத்தன் லேட்டா ஓடி வந்திருக்கான். தொப்பி மட்டும் கண்ணாடியில தெரிஞ்சுது. அதுக்கப்புறம் கால் எந்தப் பக்கமும் அசையல. அவன் எப்பவோ போயிட்டான், நான்தான் அங்கயே நின்னேன்."

இதைவிட வேறென்ன வேண்டும், இப்போதே சொல்லிவிடலாம், அப்பா போதும், நிறுத்திக்கொள்ளுங்கள், நேரடியாக, ஹிகுச்சியும் சாட்சி. அதற்குள் அவர் சுவரைத் தடவி இங்கே என்று ஹிகுச்சிக்கு இடம் காட்டினார், லாரிக்கார விரல்கள், முட்டியெல்லாம் வீங்கியிருந்தது. பிறகு திரும்பினார், கழுத்து மட்டும் இல்லை, தோளும் இடுப்புமாக முழு ஆளும் சேர்ந்து திரும்பினார், இதையும் நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"அந்தக் கறுப்புல பூட்டு இருக்குல்ல?"

ஹிகுச்சி சட்டென்று நிமிர்ந்தான். "மாமா, சத்தியமா நான் சொல்லல."

"நீ சொல்லணுமா? குளிக்கற எடத்துல எல்லாம் அதே பேச்சுதான். ஒருத்தன் வீட்டுல மகன் பாட்டரி வயரக் கழட்டிட்டு வண்டி ரிப்பேருங்கறான். இன்னொருத்தனுக்கு மருமக சாவியத் தொலைச்சுட்டா, ரெண்டு சாவியயும் ஒரே நாள்ல. எல்லாரும் நம்பற மாதிரிதான் இருக்கானுங்க. பாவம், புள்ளைங்க கஷ்டப்பட்டுப் பொய் சொல்லுதே." சிரித்தார். சிரித்து முடித்தும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பூட்டு உன் போன்லயே இருக்கட்டும், ரிட்சு. எனக்கு நானே போட்டுக்க மனசு வராது. தெனமும் இன்னிக்கு ஒரு நாள், இன்னிக்கு ஒரு நாள்னுதான் தோணுது. நீ என்னிக்காவது போட்டுரு. ஆனா என்னிக்குன்னு சொல்லாத. ரிப்பேர்னு நெனச்சுக்கறேன். இவனையும் கூப்பிட மாட்டேன்."

டீ ஆறிடும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் திருட வந்ததை அவரே எடுத்துக் கையில் வைத்துவிட்டுப் போகிறார். எனக்குக் கோபம்தான் வருகிறது, ஆமாம், கோபம், இதை ஏன் என்னிடம் தர வேண்டும், சண்டை போட்டிருக்கலாமே, கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாமே, அவருக்குத் தெரியாமல் செய்திருந்தால் ஒரே ஒரு நாள் செய்துவிட்டு அழுதிருப்பேன், முடிந்திருக்கும். நாளைக்கே போட்டால் இன்னும் ஒரு வாரம் விட்டிருக்கலாமே என்று இருக்கும். ஒரு வாரம் விட்டால், அந்த வாரத்தில் ஏதாவது ஆகிவிட்டால்… வெந்நீரில் அவர் உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்க நான் நகோயாவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறேனா?

"அக்கா," ஹிகுச்சி பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான், முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். "அப்ப எதக்கா போடட்டும்? சாதாவா, கறுப்பா?"

கறுப்புதான், ரயிலேறும்போதே முடிவு செய்தது, வாயைத் திறந்தால் வந்துவிடும். திறக்க முடியவில்லை. அதை நான் சொன்ன நிமிஷத்திலிருந்து அவர் ஒவ்வொரு தடவை ரோட்டில் பின்பக்கமாக இறங்குவதும் நான் இறங்கவிட்டதாகத்தான் இருக்கும், நாளைக் காலையில் இறங்கப்போவது உட்பட.