காட்டுக்குள் ஐம்பதடி

மச்சான் தான் சைக்கிளில் போன மலைப்பாதையைப் போன் மேப்பில் பதிந்து நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். அதில் ஒரு விஷயம் சைக்கிள் மெக்கானிக்கின் மண்டையைக் குடைந்தது. இரண்டாவது ஏரி தாண்டியதும் கோடு சரளைப் பாதையை விட்டுக் காட்டுக்குள் ஐம்பதடி போய், அப்படியே திரும்பி வந்தது. எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை நாக்குத் தள்ள ஏற்றத்தை மிதித்து அந்த இடத்துக்கே போய்விட்டார். முன்னால் வந்தவர்களின் டயர்கள் புல்லைத் தேய்த்து ஒற்றையடிப் பாதையே போட்டிருந்தன. முடிவில் ஒரு பெரிய மரம். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், ஏரிகூடத் தெரியவில்லை.

வீடு திரும்பியதும் மச்சானைப் பிடித்தார். “அந்த மரத்துல அப்படி என்ன விசேஷம், மச்சான்? அடியில உக்காந்து சாப்பிட்டுக்கூடப் பார்த்துட்டேன், ஒண்ணும் புரியல.”

மச்சான் பின்னந்தலையைச் சொறிந்தார். “விசேஷமெல்லாம் ஒண்ணுமில்ல. பதிவை நிறுத்த மறந்துட்டு ஒதுங்கப் போயிட்டேன். ஆமா, நீங்க எந்தப் பக்கமா உக்காந்தீங்க மாப்ள?”