ரோஸ் ஃபிரேம்

கண்ணாடிக் கடைக்காரரின் சின்ன மகளுக்கு நாவலுக்கு நாவல் கண்ணின் பவர் மாறியது. நம்பாதவர்கள் கடைக்குப் போய், டப்பாவில் கிடக்கும் பழைய லென்ஸ்களைப் பார்த்துக்கொள்ளலாம். திருடன் சொல்லும் பாகத்தைப் படித்த வாரம் மைனஸ் இரண்டு. அதே திருட்டை வீட்டுக்காரி சொல்லத் தொடங்கியதும் பிளஸ் ஒன்று. கதை யார் கண்ணால் போகிறதோ அவர் கண்தான் இவளுக்கு. ஆறு மாதம் கதைப்புத்தகத்தைத் தொடாவிட்டால் பவர் ஒரே அளவில் நின்றுவிடும் என்றார் டாக்டர். அப்பா நூலக அட்டையைப் பிடுங்கி பீரோவில் பூட்டினார். "கண்ணு என்னோடதுப்பா. மாறினா மாறட்டும்," என்றாள். வயது பதினைந்து. அட்டைதானே போயிற்று, கை இருக்கிறதே! தானே எழுத உட்கார்ந்தாள்.

அதில்தான் வந்தது வினை. அந்த வீட்டில் மூத்த மகளைப் பற்றி மூச்சு விடக் கூடாது. ஆறு வருடத்துக்கு முன் வாடிக்கையாளர் எதிரிலேயே, "நீங்க எழுதின பவர் தப்புப்பா. முதல்ல உங்க கண்ணைப் பாருங்க," என்று சொல்லிவிட்டாள். கண்ணாடிக் கடைக்காரருக்கே கண்ணாடியா! ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது, துரத்தினார். அவள் ரோஸ் ஃபிரேம் போட்ட தன் பழைய கண்ணாடியை மேசை டிராயரிலேயே விட்டுப்போய், நேர் எதிரில் கடை போட்டாள். அன்றிலிருந்து இவர் அந்தப் பக்கம் தலை திருப்பவில்லை. தன் கண்ணாடி போட்டவர்களுக்குத் தலைவலி வந்தால் அவர்கள் தலையைக் குறை சொன்னார்.

அக்காவுக்காகச் சண்டை போடத்தான் சின்னவள் பேனாவை எடுத்தாள். ஆனால் அந்த நாளை முதலில் அப்பா பக்கமிருந்து எழுதியபோது இரண்டு நாள் கண் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டாள். அவருக்கு அவ்வளவு மங்கலா! கண் போய்விடுமோ என்று அவர் எவ்வளவு பயந்துபோயிருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பாவமாக இருந்தது. இருந்தாலும் விடவில்லை. அக்கா பக்கத்தையும் எழுதி, நோட்டை அவர் மேசையில் போட்டாள்.

"படிங்க. படிச்சிட்டு என்னையும் துரத்துங்க."

மூக்கில் இடிக்க வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கப் படித்தார். கடைசிப் பக்கம் முடிந்ததும் கடையிலுள்ள எந்தக் கண்ணாடியும் அவருக்குச் சேரவில்லை, டிராயரில் கிடந்த ரோஸ் ஃபிரேமைத் தவிர. போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். எதிர்க்கடையில் பெரியவள் ஒரு கிழவரின் மோவாயை ஒற்றை விரலால் தூக்கிக் கண் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இவர் சொல்லிக்கொடுத்த பழக்கம். அழுதார், துடைக்கவில்லை.

மறுநாள் அந்தக் கண்ணாடியோடுதான் கடை திறந்தார். முதலில் வந்தவரிடம், "எதிர்ல போய்ப் பாருங்க. எம் பொண்ணு சரியா எழுதுவா," என்றார். யாரும் சிரிக்கவில்லை, ரோஸ் நிறம் அவருக்குப் பொருத்தமாகவே இருந்தது.