டெல்மரைக் கொன்ற செனட்டர்

என் தம்பி டெல்மர் செத்துப்போன செய்தியை நான் டிவியில்தான் கேட்டேன். அப்போது அவன் என் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து, மடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட சில்லியைக் கரண்டி கரண்டியாகத் தின்றுகொண்டிருந்தான்.

செய்தியைச் சொன்னவர் செனட்டர் ரஸ்ஸல் தார்ன்பி. ஜனாதிபதித் தேர்தலுக்கு எங்கள் கட்சியின் வேட்பாளராக யார் நிற்பது என்று போட்டி போடும் ஐந்து பேர், ஒரே மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு விவாத மேடையில் வரிசையாக நின்றார்கள். அதில் எல்லோருக்கும் மருத்துவம் என்று பேசிய தார்ன்பிதான் என் ஆள். எங்கள் வட்டாரத்தில் அவருக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பு என்னுடையது. கோடையிலிருந்து வீடு வீடாகக் கதவைத் தட்டியிருக்கிறேன். என்னை மூன்று நாய்கள் துரத்தியிருக்கின்றன. அவற்றில் ஒன்று மருத்துவமனை அதிபர் வீட்டு நாய் என்பதால் அதற்காவது கொள்கை இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"அயோவாவில் கெஸல் என்று ஒரு சின்ன ஊர்" என்று தார்ன்பி குரலைத் தாழ்த்தினார். "அங்கே டெல்மர் என்று எனக்கு ஒரு நண்பர் இருந்தார். தொழிற்சாலையில் வேலை போயிற்று. காப்பீடும் போயிற்று. இன்சுலின் வாங்க முடியாமல் பாதி அளவாகக் குறைத்துப் போட்டுக்கொண்டார். அடுத்த வசந்தத்தைப் பார்க்க அவர் இல்லை."

ஒரு பெண் கண்ணைத் துடைப்பதைக் கேமரா தேடிப் பிடித்துக் காட்டியது.

டெல்மர் மெல்லுவதை நிறுத்தினான். "மார்லிஸ், இது நானா?"

"கெஸல்ல வேற எந்த டெல்மர் இருக்கான்?"

"கொன்னுட்டானே பாவி!" என்று சொல்லிவிட்டு அடுத்த கரண்டியை வாயில் வைத்தான். "எந்த மாசம் போனேன்னு சொன்னானா?"

நாடு முழுவதிலும் முதன்முதலில் எங்கள் அயோவாவில்தான் கட்சிக்காரர்கள் காகஸ் என்ற கூட்டத்தில் கூடி ஆளைத் தேர்ந்தெடுக்கிறோம். அதனால் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை இந்த வேட்பாளர் பட்டாளம் எங்கள் மேல் வந்து இறங்கும். விலைச்சீட்டைக்கூடச் சரியாகக் கிழிக்காத புது பூட்ஸ் மாட்டிக்கொண்டு பன்றிப்பண்ணைக்குள் வருவார்கள். பன்றியைத் தொடுகிற விதத்திலேயே அதை இதற்கு முன்னால் தட்டில் மட்டும்தான் பார்த்தவர்கள் என்று தெரிந்துவிடும். அந்த ஐந்து பேரில் ஒருவரான கவர்னர் கிம்பால் ஒருமுறை எங்கள் சோயா வயலைப் பார்த்து "சோளம் செழிப்பா இருக்கு" என்றார். அவருக்கு மருந்துக் கம்பெனிக்காரர்கள் விருந்து வைத்துப் பணம் திரட்டித் தருகிறார்கள் என்பது ஊரறிந்த கதை. மருந்து விலை பற்றிக் கேட்டால், "இது ஒரு சிக்கலான உரையாடல்" என்பார். உரையாடலாம்!

தார்ன்பி வேறு மாதிரி என்று நான் நம்பினேன். எல்லோருக்கும் மருத்துவம், யாரையும் விடாமல், என்று தெளிவாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். ஆகஸ்டில் என் வீட்டுக்கே வந்தார். பள்ளியில் பேண்டு வாத்தியம் சொல்லிக்கொடுப்பவள் வீட்டில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. கூடம் நிறைய ஆள். டெல்மர் எழுந்து தன் கதையைச் சொன்னான்: டிராக்டர் உதிரிபாகத் தொழிற்சாலையை மூடியது, இன்சுலினைப் பாதியாக்கியது, சமையலறைத் தரையில் அவன் கிடந்ததை நான் பார்த்தது, மருத்துவமனை, வெட்டி எடுத்த இரண்டு கால்விரல். அவன் அதைப் பற்றி என்னிடம்கூட அவ்வளவு பேசியதில்லை. செனட்டர் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியது. "உங்களை மறக்க மாட்டேன், டெல்மர்" என்றார்.

பெயரை மறக்கவில்லை, அது வரைக்கும் சரி.

விவாதம் முடிவதற்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. டெல்மரின் முன்னாள் மனைவி ஷரோன் நெப்ராஸ்காவிலிருந்து விம்மி விம்மி அழுதாள். அவனே போனை வாங்கிப் பேசியதும், "உனக்கு எப்பவுமே இதே விளையாட்டுதான்" என்று திட்டிவிட்டு வைத்தாள். மறுநாள் காலை துக்கம் விசாரிக்கத் தேவாலயத்துப் பெண்கள் இரண்டு பேர் பன்றித்தொடை இறைச்சியும் உருளைக்கிழங்குமாக ஒரு பெரிய பாத்திரத்தோடு வாசலில் நின்றார்கள். கதவைத் திறந்தவன் டெல்மர். உயிரோடு இருந்தாலும் சாப்பாட்டைத் திருப்பித் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

தார்ன்பியின் பிரசார அலுவலகத்தில் எங்கள் மாவட்டத்தைப் பார்த்துக்கொண்டவள் பெய்ஜ். பாஸ்டனிலிருந்து வந்தவள். எல்லா வாக்கியத்தையும் யாரோ இறந்த வீட்டில் பேசுவதுபோல் மென்மையாகத் தொடங்குவாள். நான் போன் போட்டபோது, இந்த முறை அது பொருத்தமாகத்தான் இருந்தது.

"மார்லிஸ், உங்க மனசு எனக்குப் புரியுது. செனட்டர் பல பேரோட அனுபவத்தைச் சேர்த்துச் சொன்னார். உணர்வுல பாத்தா அது முழு உண்மை."

"உணர்வுல பாத்தா என் தம்பி உள்ள உக்காந்து உருளைக்கிழங்கு தின்னுட்டு இருக்கான்."

"அது எங்க எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "காகஸ் முடியற வரைக்கும் அவர் கொஞ்சம்... வெளிய அதிகம் நடமாடாம இருந்தா நல்லது" என்றாள்.

நான் போனை வைத்துவிட்டேன். கோபம்கூட வரவில்லை. காலில் ஒட்டியதைப் புல்லில் தேய்க்கும்போது வருமே, அந்த உணர்ச்சிதான் வந்தது.

நேராகக் கோனி வாசெக்கிடம் போனேன். பள்ளிக்கூடத்திலிருந்து என் தோழி. எங்கள் மாவட்டக் கட்சித் தலைவி. அவளும் தார்ன்பி பக்கம்தான். காபியை ஊற்றிக்கொடுத்துவிட்டு, "வாயைத் தொறந்துடாத, தாயே" என்றாள்.

"பொய் சொல்லிருக்கான், கோனி."

"சொன்னான். யாரு இல்லன்னா? நீ இதை வெளிய விட்டா டிவிக்காரன் ஒரு வாரம் இதை வச்சு ஓட்டுவான். எல்லாருக்கும் மருத்துவம்னு எவனாவது பேசினா, 'அந்தச் செத்துப் பொழைச்சவன் கதை மாதிரியா'ன்னு சிரிப்பான். கிம்பால் வந்து உக்காருவான். அப்ப யாருக்கு லாபம், சொல்லு?"

"அப்ப நம்மாளு பொய் சொன்னா நல்ல பொய்?"

"நம்ம பொய்யி" என்றாள் கோனி. சொன்ன பிறகு அவளுக்கே அது பிடிக்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவள் சொன்னதில் பாதி சரி என்பதுதான் என்னைத் தின்றது. இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்குள் தார்ன்பியின் பேச்சும் இளைக்கத் தொடங்கியது. "எல்லோருக்கும்" என்பது "எல்லோருக்குமான பாதையில்" ஆயிற்று. கருத்துக்கணிப்பில் இரண்டு புள்ளி கூடியது. அதற்கு அடுத்த கூட்டத்தில் பாதையும் "படிப்படியாக" ஆயிற்று.

காகஸுக்கு முந்தைய வாரம் அவர் எங்கள் ஊரில் பந்துருட்டி விளையாடும் கூடத்துக்கு வந்தார். பேச்சு முடிந்ததும் படம் எடுத்துக்கொள்ள வரிசை. டெல்மரை இழுத்துக்கொண்டு போய் நின்றேன். முகத்துக்கு நேராக நின்று என்ன சொல்கிறார் பார்க்கலாம், ஒரு மன்னிப்பு, ஒரு அசட்டுச் சிரிப்பு, ஏதாவது ஒன்று. அது கிடைத்திருந்தால் நான் விட்டிருப்பேன்.

செனட்டர் டெல்மரின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். அதே பிடி. "உங்க பேரு?"

"டெல்மர்."

செனட்டரின் முகம் பழக்கப்பட்ட விதத்தில் இருண்டது. "எனக்கும் இந்த ஊர்ல டெல்மர்னு ஒரு நண்பர் இருந்தார். நல்ல மனுஷன். போயிட்டார்."

"கேள்விப்பட்டேன்" என்றான் டெல்மர். "ரொம்ப வருத்தமா இருந்துச்சு."

படம் எடுத்தார்கள். கண் கலங்கியிருந்தது செனட்டருக்கு. என் வீட்டில் ஆகஸ்டில் கலங்கிய அதே கண். குழாயைத் திருகினால் வரும் தண்ணீர். இப்படிப்பட்டவருக்காக அன்று நான் வீட்டில் எலுமிச்சைச் சாறு பிழிந்து வைத்திருந்தேன்!

காகஸ் அன்று எங்கள் பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில் ஊரே கூடியது. எங்களுக்கு ரகசிய வாக்கெல்லாம் கிடையாது. யாருக்கு ஆதரவோ அவர் பெயர்ப்பலகை இருக்கும் மூலையில் போய் எல்லோர் கண்ணெதிரே நிற்கவேண்டும். எந்த மூலையில் நூற்றுக்குப் பதினைந்து பேர்கூட இல்லையோ அந்த மூலை கலைந்துபோகும். அதற்கு முன்னால் ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் ஒரு நிமிஷம் பேசலாம்.

கிம்பால் மூலையில் கார் விற்கும் ரெக்ஸ் பிளேகர் எல்லோருக்கும் இனிப்பு ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். தன் கடையில் தொழிற்சங்கம் வரக்கூடாது என்று வக்கீல் வைத்த மனுஷன். அன்று அவர் சட்டையில் "உழைப்பாளிகளின் கவர்னர்" என்று பட்டன் குத்தியிருந்தார்.

தார்ன்பிக்காகப் பேச வேண்டியவள் நான். பெய்ஜ் எழுதிக்கொடுத்த காகிதம் பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

"இதோ நிக்கறானே, இவன் என் தம்பி" என்றேன். "இவன் செத்துட்டான்னு செனட்டர் நாடு பூரா சொல்லிட்டு இருக்கார். இவனை உயிரோட பாத்தா கதை கெட்டுடும்னு வெளிய வராதீங்கன்னு எங்ககிட்ட சொன்னாங்க. போன வாரம் நேர்ல நின்னான். அவருக்கு அடையாளம் தெரியல. இவரை நம்புங்கன்னு உங்க கதவைத் தட்டினவ நான். இனிமே சொல்ல மாட்டேன். வேற யாரையும் சொல்லவும் மாட்டேன். அங்க ஒரு மூலை காலியா இருக்கு, யாருக்கும் இல்லைன்னு. நான் அங்க போறேன்."

முதலில் சிரிப்பு. பிறகு கைதட்டல். யார் தட்டினார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். கிம்பால் மூலை முழுக்க எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தது. ரெக்ஸ் பிளேகர் ஓடி வந்து என் கையைக் குலுக்கினார். "தைரியமான பொம்பள நீ!" அவருடைய விரலில் இருந்த சர்க்கரை என் கையில் ஒட்டியது.

தார்ன்பி மூலை என் கண்ணெதிரே கரைந்தது. பாதிப் பேர் கிம்பாலிடம் போனார்கள். என் மூலைக்கு வந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் இது கழிப்பறைக்குப் போகும் வரிசை என்று நினைத்திருந்தார். எண்ணிப் பார்த்துவிட்டுக் கோனி தலையில் கை வைத்தாள். தார்ன்பி மூலையில் ஒரே ஒரு ஆள் குறைகிறது. கலைக்கவேண்டியதுதான்.

டெல்மர் என் பக்கத்திலிருந்து நகர்ந்தான். விரல் போன காலைச் சற்று இழுத்துக்கொண்டு கூடத்தின் நடுவே நடந்தான். தார்ன்பி மூலையில் போய்க் கோனியின் பக்கத்தில் நின்றான்.

"டேய்!" என்று கத்தினேன். இருநூறு பேருக்குப் பேண்டு நடத்திய குரல் எனக்கு. "உனக்கு வெக்கமா இல்ல? உன்னைக் கொன்னு வித்தவன்டா அவன்!"

"ஆமா, கொன்னான்" என்றான் அங்கிருந்தே. "மத்த நாலு பேரும் அதுகூட செய்யல. இன்சுலின்ங்கற வார்த்தையை அவங்க வாயால கேட்டியா நீ? எனக்கு அவன்கிட்ட மரியாதை வேணாம் மார்லிஸ். மருந்து விலை குறையணும். அவ்வளவுதான்."

"குறைக்க மாட்டான்!"

"மாட்டான்தான் போலிருக்கு" என்றான். ஆனால் நகரவில்லை.

மூலை தப்பியது. எங்கள் வட்டாரத்திலிருந்து மாவட்ட மாநாட்டுக்குப் போகத் தார்ன்பிக்கு ஒரே ஒரு பிரதிநிதி இடம் கிடைத்தது. வேறு யாரும் முன்வராததால் அந்தப் பிரதிநிதியாக டெல்மரையே எழுதிக்கொண்டார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது கார்க் கதவை ஓங்கிச் சாத்தினேன். டெல்மர் மேல் கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். ரெக்ஸ் கைதட்டிய சத்தம் காதைவிட்டுப் போகவில்லை, அதுதான் விஷயம். உண்மையைச் சொன்னது தவறில்லை. இன்று கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த உண்மையைப் பொறுக்கி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனவர் ரெக்ஸ்.

தார்ன்பி எங்கள் மாநிலத்தில் இரண்டாவதாக வந்தார். அடுத்த இரண்டு மாநிலங்களில் தோற்றதும், கிம்பாலின் தோளில் கை போட்டுக்கொண்டு ஒரு மேடையில் தோன்றினார். "நம் இருவரையும் பிரிப்பது மிகக் குறைவு" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் முழு உண்மை அது.

கோனி என்னோடு பேசாமல் இருந்தாள். மார்ச்சில் வந்து, மாவட்ட மாநாட்டின் தீர்மானக் குழுவுக்கு ஆள் வேண்டும் என்று நின்றாள். "உன்னைவிட வாய் பெரிசா வேற யாரும் கிடைக்கல" என்றாள். சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாநாடு கண்காட்சித் திடலில், கோழிகளைக் காட்சிக்கு வைக்கும் கொட்டகையில் நடந்தது. மருத்துவம் பற்றிய தீர்மானத்தில் "எல்லோருக்கும் மருத்துவ வசதி" என்று நான் எழுதியிருந்தேன். ரெக்ஸ் பிளேகர் எழுந்து, "எல்லோருக்கும் என்பதற்குப் பதில் எல்லோரும் அணுகும் வாய்ப்பு" என்று திருத்தம் கொண்டுவந்தார். கிம்பால் ஆட்கள் தலையாட்டினார்கள்.

டெல்மர் பிரதிநிதியாக எழுந்தான். "அணுகும் வாய்ப்பு எனக்கு அப்பவே இருந்துச்சு" என்றான். "மருந்துக்கடை பக்கத்து தெருவுலதான். நடந்தே போலாம்."

கூட்டம் விதிப்படி நடக்கவில்லை என்று ரெக்ஸ் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். பிறகு இன்னொன்று. பிற்பகல் முழுக்க அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. நிறையப் பேருக்குப் பசி வந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். போனவர்களில் முக்கால்வாசி கிம்பால் ஆட்கள். கொள்கைக்கு அவர்களுக்கு அவ்வளவுதான் பொறுமை. கடைசியில் கையைத் தூக்கி எண்ணியபோது எங்கள் வார்த்தை ஏழு கை வித்தியாசத்தில் நின்றது.

அந்தத் தீர்மானத்தை மேலே யாரும் படிக்கப்போவதில்லை. மாவட்டத்திலிருந்து மாநிலத்துக்குப் போய் அங்கே ஒரு அலமாரியில் தூங்கும். கிம்பால் அதைக் கண்ணால்கூடப் பார்க்கமாட்டார். பின்னால் நவம்பர் தேர்தலில் நான் அவருக்கே வாக்குப் போட்டேன். எதிரே நின்றவன் அதைவிட மோசம், அவ்வளவுதான் காரணம். அதை ஆதரவு என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

மாநாட்டன்று கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது கோனி, "ஜூன்ல மாநில மாநாடு. இதே ரெக்ஸ் அங்கயும் வருவான்" என்றாள்.

"வரட்டும்" என்றேன். "சாப்பாடு கட்டிக்கிட்டுப் போவோம்."

டெல்மர் அதற்குள் காரில் ஏறி உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பச் சொல்லி ஹாரனை அடித்துக்கொண்டிருந்தான்.