துளசியில் கிராம்பு

"கிராம்பு எண்ணெய் எத்தனை லிட்டர் கலந்தீங்க?"

போனில் வந்த முதல் கேள்வியே அதுதான். வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. ஒரு கையில் போனும் மறு கையில் அரிவாளுமாகப் பிரகதீஸ்வரி வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன மேடம் சொல்றீங்க? நான் கிராம்பைப் பிரியாணியில போடுறதோட சரி."

சென்னையிலிருந்து பேசிய ஜெயபாரதி சிரிக்கவில்லை. பிரகதீஸ்வரியின் துளசி எண்ணெயை வாங்கும் கம்பெனியில் தரம் பார்க்கும் அதிகாரி அவள். மே மாதம் அனுப்பிய எண்ணெயில் யூஜினால் எழுபத்திரண்டு சதவீதம் இருக்கிறதாம். கிராம்புக்கு அந்தக் காரமான வாசனையைத் தருகிற சரக்குதான் யூஜினால். துளசியிலும் அது உண்டு. ஆனால் அறுபதைத் தாண்டினால் அந்தக் கம்பெனியைப் பொறுத்தவரை அது கலப்படம். மறுபேச்சே கிடையாது.

"ஒரே ஒரு வாய்ப்பு தர்றோம். அடுத்த அறுப்பை என் கண் முன்னாடி காய்ச்சணும். அதே நிலம், அதே செடி. மறுபடியும் எழுபதுக்கு மேல வந்தா, உங்க செடியே அப்படித்தான்னு ஒத்துக்கறோம். வரலைன்னா உங்க பேரு கலப்படக்காரங்க லிஸ்ட்டுக்குப் போயிடும். அதை எல்லாக் கம்பெனியும் பார்ப்பாங்க."

"வரும் மேடம். வராம எங்க போயிடும்?"

சொல்லும்போது அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

முத்துப்பேட்டைக்குத் தெற்கே, அலையாத்திக் காட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இப்பால் அவளுடைய ஒன்றரை ஏக்கர். கணவன் ராஜ்குமார் மூன்று வருடம் நெல் போட்டு, மூன்று வருடமும் பதரைத் தூற்றிய நிலம். மண்ணில் அவ்வளவு உப்பு. துளசி போடலாம் என்று அவள் சொன்னபோது, "எந்தப் பெருமாளுக்கு?" என்று ஊரே கேட்டுச் சிரித்தது. அதே ஊர் இப்போது 'கலப்படக்காரி' என்று சொல்லப் போகிறதா?

வரட்டும் அந்த அதிகாரி. வந்து பார்க்கட்டும்.

ஜூன் கடைசியில் மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்தது. வாய்க்காலில் தண்ணீர் என்றால் சோற்றுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு மண்வெட்டியைத் தூக்குகிற ஊர் அது. பிரகதீஸ்வரியும் தூக்கினாள். மடையில் பக்கத்து வயல்காரர் தங்கையன் முந்திக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏம்மா, துளசிக்கு எதுக்கு ஆத்துத் தண்ணி? தீர்த்தம் குடுக்கப் போறியா?"

"இன்னிக்கு என் முறை அண்ணே. ஆறு மணி வரைக்கும் மடையைத் தொட்டீங்க, நடக்கிறதே வேற."

"அடேயப்பா! ராஜ்குமாரு, நீ எப்படிப்பா இதுகூடக் குடும்பம் நடத்துற?"

"முறை போட்டுத்தான் அண்ணே," என்றான் ராஜ்குமார் பரிதாபமாக.

மடை திறந்தது. வயல் முழுக்கத் தண்ணீரைத் தேக்கி, வேர் அழுகாமல் அன்று மாலையே வடித்தாள். நல்ல தண்ணீர் கிடைத்ததும் உப்பைக் கழுவி வடிப்பதுதான் அந்தப் பக்கத்துக்காரர்கள் செய்கிற முதல் வேலை. யாரும் யோசித்துச் செய்வதில்லை. கை தானாகச் செய்யும். அடுத்தடுத்து வந்த மூன்று முறைத் தண்ணீரையும் அப்படியே விட்டு வடித்தாள். மண்மேல் சுண்ணாம்பு அடித்ததுபோல் கிடந்த உப்புப் பூச்சு காணாமல் போனது. மே மாதம் அறுத்த கட்டைகளிலிருந்து செடி சடசடவென்று துளிர்த்தது.

ஆகஸ்ட் முதல் வாரம் ஜெயபாரதி வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். தோளில் பை, அதில் முத்திரை வைத்த கண்ணாடிக் குப்பிகள்.

"என்னங்க, இவ்ளோ செழிப்பா இருக்கு!"

பிரகதீஸ்வரிக்குப் பெருமை தாங்கவில்லை. மே மாதம் முழங்கால் உயரத்துக்குச் சுருண்டு கிடந்த செடி, இப்போது இடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. நூறு கிலோ தழையை அறுத்து, எடைபோட்டு, ஜெயபாரதியின் முன்னாலேயே கொதிகலனில் திணித்து மூடினாள். அடுப்பு எரிந்தது. ஆவி குழாயில் ஏறி, குளிர்ந்து, சொட்டத் தொடங்கியது. ஒரு மணி நேரத்தில் தண்ணீரின் மேலும் அடியிலுமாக மஞ்சள் எண்ணெய் திரண்டு நின்றது.

ஜெயபாரதி ஒரு காகிதத் துண்டை அதில் நனைத்து மூக்கருகே கொண்டுபோனாள். மறுபடியும் முகர்ந்தாள்.

பிரகதீஸ்வரி பொறுக்கமாட்டாமல் காகிதத்தைப் பிடுங்கி முகர்ந்தாள்.

துளசி. நல்ல, சாதுவான துளசி வாசனை. மே மாதம் மூக்கில் அறைந்த காரம் எங்கே?

"இது அம்பதைத் தாண்டாதுங்க," என்றாள் ஜெயபாரதி. "லேப்புக்குப் போகாமலே சொல்லிடலாம்."

"அப்ப இந்த எண்ணெய் பாஸ்தானே மேடம்?" என்றான் ராஜ்குமார்.

"அருமையா பாஸ். அதுதாங்க பிரச்சினையே. இந்தச் செடி அம்பதுதான் குடுக்கும்னா, மே மாசம் மீதியை எங்க வாங்கி ஊத்தினீங்கன்னு கேப்பாங்க."

"நல்ல எண்ணெய் எடுத்தா குத்தமா? இது என்னங்க நியாயம்?" என்று ராஜ்குமார் கத்தினான்.

பிரகதீஸ்வரிக்குக் கலனை உதைக்க வேண்டும்போல் இருந்தது. சூடு என்பதால் பக்கத்தில் கிடந்த கூடையை உதைத்தாள். "அதே நிலம் மேடம்! அதே கட்டையில துளிர்த்த செடி! என் பிள்ளை மேல சத்தியமா ஒரு சொட்டுக் கலக்கலை!"

ஜெயபாரதி வயலுக்குள் இறங்கி, குத்துக்காலிட்டு மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள். "மே மாசம் எந்தத் தண்ணி பாய்ச்சினீங்க?"

பதில் வரப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. தங்கையன். "போர் தண்ணிதாம்மா. வாயில வச்சா கரிக்கும், மாடுகூடக் குடிக்காது. இப்பப் பாஞ்சிருக்கிறது ஆத்துத் தண்ணி. அதுக்குத்தான் இந்தப் பொண்ணு என் மண்டையை உடைக்க வந்துச்சு."

ஜெயபாரதி மெல்ல எழுந்தாள். "உப்பு ஏறினா செடி வளராதுங்க. ஆனா இருக்கிற கொஞ்சம் இலையில வாசனைச் சரக்கைக் கூடுதலாச் சேர்த்துக்கும். தன்னைக் காப்பாத்திக்க அது பண்ற வேலை. சில செடியில எண்ணெயோட சேர்மானமே மாறிடும். எல்லாச் செடியும் அப்படி இல்லை, எல்லா அளவு உப்புலயும் இல்லை. துளசி ஜாதியில நடக்கும்னு படிச்சிருக்கேன்."

"அப்ப உப்புதான் மேடம்! நான் கலக்கலை! நீங்களே சொல்லிட்டீங்க!"

"நான் நம்பறேங்க. ஆனா என் நம்பிக்கையை லேப் மெஷின்ல ஊத்திப் பார்க்க முடியாதே."

பிரகதீஸ்வரி வரப்பில் தொப்பென்று உட்கார்ந்தாள். அவளுக்கு இருந்த ஒரே சாட்சி அந்த உப்பு. அதைச் சண்டை போட்டு, முறை வாங்கி, மூன்று தடவை கழுவி வடித்தவள் அவளேதான். யாரைத் திட்டுவது?

"இன்னொரு அறுப்பு குடுங்க மேடம்."

ஜெயபாரதி போனில் யாரிடமோ மூன்று முறை பேசினாள். திரும்பி வந்தபோது முகம் சோர்ந்திருந்தது. "செப்டம்பர் பதினெட்டு. அதுக்கு மேல என் கையில இல்லைங்க." இன்றைய எண்ணெயைக் குப்பியில் அடைத்து முத்திரை வைத்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.

அவளுடைய கார் திரும்பியதும் ராஜ்குமார் மறுபடி போர் தண்ணீரைப் பாய்ச்ச மோட்டார் கொட்டகைக்கு நடந்தான். தங்கையன் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"தம்பி, சுவிட்சுல கை வச்சே! வரப்போரம் என் சம்பா நாத்தங்கால் இருக்கு. முளைச்சு ஒம்பது நாள். உப்புத் தண்ணி கசிஞ்சா ஒரு பயிர் மிஞ்சாது."

"என் பேரு போகுது அண்ணே!" என்றாள் பிரகதீஸ்வரி.

"உன் பேரு போனா வாங்கிக்கலாம்மா. என் நாத்து போனா சம்பாவே போச்சு."

பேர் போனால் எங்கே வாங்குவதாம்? கத்த வாயெடுத்தவள், அந்த ஒன்பது நாள் பச்சையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். பாய்ச்சினால்தானே கசியும்?

"மேற்கால பத்து வரிசை போதும். வாய்க்கால்ல விட வேணாம். குடத்துல தூக்கி வேருக்கு மட்டும் ஊத்துவோம்."

"அறுநூறு செடிடி!"

"தெரியும். குடத்தை எடுங்க."

போர் தண்ணீரில் முதல் குடம் நிறைந்தது. ஒரு கை அள்ளி வாயில் விட்டுக்கொண்டவள் அப்படியே துப்பினாள்.

"என்ன?"

"கரிக்கலைங்க." இன்னொரு கை அள்ளிப் பார்த்தாள். "ஒரு மாசமா வாய்க்கால் ஓடி, ஊறி, போரும் நல்ல தண்ணியாயிடுச்சு!"

ஊரில் வேறு யாராக இருந்தாலும் தேங்காய் உடைத்திருப்பார்கள். அவள் குடத்தைக் கவிழ்த்துக் காலால் தள்ளினாள்.

ராஜ்குமார் பைக்கில் இரண்டு கேன்களைக் கட்டிக்கொண்டு அலையாத்தி ஓடைக்குப் போய்க் கடல் ஏறிய தண்ணீரை மொண்டு வந்தான். டிரம்மில் ஊற்றினார்கள். மே மாதத் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று யாரும் அளந்து வைக்கவில்லை. கோடை முழுக்க அதில் வாய் கொப்பளித்த அவள் நாக்குக்கு மட்டும்தான் அது தெரியும்.

"ஐயோ, இது கடலு. செடி செத்துரும்." வாய்க்கால் தண்ணீர் இரண்டு குடம் விட்டாள். "இப்பச் சப்புன்னு இருக்கு." ஓடைத் தண்ணீர் ஒரு செம்பு. இன்னொரு செம்பு.

"ஏன்டி, ரசமா வைக்கிற?"

ஒன்பதாவது தடவை நாக்கில் வைத்தவள் சட்டென்று துப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு குடத்தை நிரப்பி, இடுப்பில் ஏற்றி, முதல் செடியின் வேரில் சாய்த்தாள்.

"நாளைக்கும் இதே கரிப்பு வரணுமே," என்றான் ராஜ்குமார்.

"வரலைன்னா வர்ற வரைக்கும் குடிச்சுப் பார்ப்பேன். நீங்க அடுத்த குடத்தைத் தூக்குங்க. இன்னும் ஐநூத்தித் தொண்ணூத்தொம்பது இருக்கு."