மாரிச்செல்வத்தின் வலது கை

வந்திருந்தவர்கள்:

மகாராஜன், மில் மேனேஜர்.

செல்லச்சாமி, நைட் ஷிப்ட் சூப்பர்வைசர். என் அக்கா நிர்மலாதேவியின் வீட்டுக்காரர்.

சுடலைமணி, பனவடலிசத்திரத்துக்காரர். வலது கை முழங்கைக்குக் கீழே கிடையாது.

ராஜகுமாரி, சுடலைமணியின் மனைவி. எனக்கு மைனி, அதாவது அண்ணி முறை.

மாரிச்செல்வம். நான்தான். இரண்டு கையும் இருக்கிறது.

இடம், சங்கரன்கோவிலுக்கு வெளியே ராஜபாளையம் ரோட்டில் இருக்கும் நூல் மில்லின் ஆபீஸ் ரூம். காலை பதினோரு மணி. மேனேஜர் ஒரு தாளை எடுத்து மேசையில் தள்ளினார். கை போனது சுடலைமணி அண்ணனுக்கு. தாள் என் பக்கம் வந்தது.

“படிச்சுப் பாருங்க” என்றார்.

படித்தேன். நைட் ஷிப்டில் பஞ்சு பிரிக்கும் மெஷினில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, மாரிச்செல்வம் ஆகிய எனக்கு வலது கை துண்டானது என்று எழுதி, கீழே மில் சீல் வைத்திருந்தது. அந்தத் தாளை நான் வலது கையில்தான் பிடித்திருந்தேன்.

இது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். மாதம் இருபத்தாறு நாளும் தவறாமல் வந்தால் எங்கள் மில்லில் போனஸ் உண்டு. ஒரு நாள் விட்டாலும் மொத்தமும் போய்விடும். அதனால் யாரும் லீவு போடுவதில்லை. வர முடியாத அன்று தன் மில் கார்டை இன்னொருவரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் கேட்டில் அதைக் காட்டி உள்ளே போய், அந்த ஆளாக நின்று வேலை பார்ப்பார். அன்றைய கூலி அவருக்கு, போனஸ் கார்டுக்காரனுக்கு. பேருக்கு நிற்பது என்று இதைச் சொல்வோம். வாட்ச்மேனுக்குத் தெரியும். சூப்பர்வைசருக்குத் தெரியும். மெஷின் நிற்காமல் ஓடினால் போதும் என்று உட்கார்ந்திருக்கும் மேனேஜருக்கும் நன்றாகத் தெரியும்.

சுடலைமணி அண்ணன் மூன்று வருடம் பேருக்கு நின்றவர். தன்னை வேலையில் சேர்க்கச் சொல்லிக் கேட்டபோதெல்லாம் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள். சில மாதங்களில் அவர் ஆறு பேராக இருந்திருக்கிறார். மில்லுக்குள் அவரைத் தெரியாத ஆளே கிடையாது. ரெஜிஸ்டரில்தான் இல்லை.

அன்று அவர் என் பேருக்கு நின்றார். எனக்குக் காய்ச்சல் இல்லை. வீட்டில் சாவு இல்லை. தொடர்ந்து பத்தொன்பது நைட் பார்த்திருந்தேன். போகப் பிடிக்கவில்லை, தூங்கினேன். அவ்வளவுதான்.

அந்த மெஷினின் மூடியைக் கழற்றிப் போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. பஞ்சு சிக்கும்போதெல்லாம் மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து, எடுத்து, மறுபடி மூடினால் உற்பத்தி குறைகிறது என்று கழற்றச் சொல்லிவிட்டார்கள். ஓடும்போதே கையை விட்டு இழுக்க வேண்டும். எல்லோரும் இழுத்தோம். அன்று ரோலர் அவர் கையை இழுத்துவிட்டது.

செல்லச்சாமி அத்தான் மில் வேனில் அவரைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார். சுடலைமணிக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு கிடையாது. அவர் சட்டைப் பையில் இ.எஸ்.ஐ. நம்பர் போட்ட என் மில் கார்டு இருந்தது. அத்தான் போனில் மேனேஜரிடம் கேட்டார். இருக்கிற கார்டில் சேர்க்கச் சொல்லிவிட்டார் மேனேஜர். ஆக, கை போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவன் மாரிச்செல்வம். விடிந்து வந்து இறங்கிய ராஜகுமாரி மைனியிடம் அத்தான் முதலில் சொன்னது, “இங்கன உங்க வீட்டுக்காரரு பேரு மாரிச்செல்வம். மாத்திச் சொன்னா வைத்தியம் பாக்க மாட்டாவ” என்பதுதான். பதினாலு நாள் அந்தம்மா வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தது. மாரிச்செல்வம் வீட்டு ஆள் யார் என்று நர்ஸ் கூப்பிடும்போதெல்லாம் எழுந்து ஓடியது.

அதற்குப் பிறகு நான் மில்லுக்குப் போகவில்லை. பூ மார்க்கெட்டில் மூட்டை ஏற்றுகிறேன். இருபது மாதமாக சுடலைமணி அண்ணனை மில்லில் இன்று வா நாளை வா என்று அலையவிட்டு, கடைசியில் இந்தத் தாளை நீட்டினார்கள்.

“இதுல என்ன நல்லதுன்னா” என்றார் மகாராஜன். “நிரந்தர ஊனம். உயிரோட இருக்குற வரைக்கும் மாசாமாசம் இ.எஸ்.ஐ.ல இருந்து வரும். மாரிச்செல்வம் கணக்குல விழும். அவரு எடுத்து உங்ககிட்ட குடுத்துருவாரு. வீட்டு ஆள் மாதிரிதான பழகுறீங்க.”

“டாக்டருமாரு கையப் பாக்கணும்னு கூப்பிட மாட்டாவளா?” என்று கேட்டேன்.

“கூப்பிடுவாங்க. சுடலைமணி போவாரு.”

“என் பேர்லயா?”

“ஏற்கெனவே உங்க பேர்லதான இருக்காரு.” சிரித்தார். “கார்டுல போட்டோ பழசு. அத நான் பாத்துக்கிடுதேன்.”

அத்தான் என் காலை மேசைக்கு அடியில் மிதித்தார். “மாப்ள, கையெழுத்தப் போடு. அண்ணனுக்கு ஒரு வழி பொறக்குதுல்லா.”

“அப்ப நான் நாளைக்கு வேற மில்லுக்கு வேலைக்குப் போனா?”

“ஒனக்குத்தான் கை இல்லயே, எங்க போவ?” என்றார் சுடலைமணி அண்ணன்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் சிரித்துவிட்டு, இடது கையால் டீ கிளாசை எடுத்துக் குடித்தார். பிறகு என்னைப் பார்த்தார். “போட்ருல மாரி. எனக்கு நடந்து நடந்து காலும் போயிரும் போல இருக்கு. வர்றது வரட்டும். கேஸு கோர்ட்டுன்னு நான் எங்க போவேன்?”

என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. எனக்குக் கோபம் மேனேஜர் மேல். அதைவிட அதிகமாக என் மேல். பேனாவை எடுத்தேன். எடுத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

அப்போதுதான் ராஜகுமாரி மைனி வாயைத் திறந்தது.

“சார், ஒரு சந்தேகம். இவரு நாளைக்கு இல்லாம ஆயிட்டாருன்னா அந்தப் பணம் எனக்கு வருமா?”

“அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?”

“கேக்கேன். வருமா?”

மேனேஜர் அத்தானைப் பார்த்தார். அத்தான் ஃபேனைப் பார்த்தார்.

“எப்படி வரும்?” என்றது மைனி. “கை போனது மாரிச்செல்வத்துக்கு. மாரிச்செல்வத்துக்கு ஏது பொண்டாட்டி? இந்தத் தம்பிக்கு நாளைக்கு ஒருத்தி வருவா. புருசன் பேர்ல வர்ற ரூவாய அவ ஏன் எனக்கு எடுத்துத் தரணும்? ஊனமுற்றவுகளுக்கு அட்டை குடுக்காவன்னு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கை எப்படிப் போச்சு, வைத்தியம் பாத்த பேப்பர் எங்கன்னு கேட்டாவ. எந்தப் பேப்பர நீட்ட? எல்லாத்துலயும் இவன் பேருல்லா இருக்கு.”

“சும்மா இருட்டி” என்றார் சுடலைமணி.

“நீரு சும்மா இரும். சும்மா இருந்து இருந்துதான் ஆறு பேரா நின்னீரு. ஒரு நாளாவது உம்ம பேர்ல நின்னீரா?”

அவர் கிளாசை வைத்துவிட்டார்.

மேனேஜரின் குரல் மாறியது. “இங்க பாரும்மா. அடுத்தவன் கார்டுல இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில படுத்தது மோசடி. நாங்க கம்ப்ளைண்ட் குடுத்தா ரெண்டு பேரும் உள்ள போகணும். பாவம்னு பாக்குறோம்.”

“சேத்தது உங்க ஆளு” என்றேன்.

“அதுக்கு என்ன ஆதாரம் இருக்கு?”

பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டேன். மேனேஜர் அதைக் கேட்டுக் கையை நீட்டினார். கொடுக்கவில்லை.

மறுநாள் கோர்ட்டுக்குப் பக்கத்தில் வக்கீல் ஜெஸ்லின் அறையில் நானும் அண்ணனும் மைனியும் உட்கார்ந்திருந்தோம். இலவச சட்ட உதவியில் வழக்கு பார்க்கிறவர். ஃபீஸ் கிடையாது என்று அவர் சொன்ன பிறகும் சுடலைமணி அண்ணன் நாற்காலி விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார். ஜெஸ்லின் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் பேப்பரைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“மாரிச்செல்வம் யாரு?”

“நான்தான்.”

“ரெண்டு கையையும் மேசை மேல வைங்க.”

வைத்தேன். அவர் போனில் படம் எடுத்தார்.

“ராத்திரி ஷிப்ட்ல, இந்த மெஷின்ல, இந்த மில் தொழிலாளி ஒருத்தருக்குக் கை போச்சுன்னு மில்லே எழுதிக் குடுத்திருக்கு. விபத்தே நடக்கலன்னு இனி அவங்க சொல்ல முடியாது. போனது யார் கைங்கிறதுதான் மிச்சம்.” சுடலைமணி அண்ணன் பக்கம் திரும்பினார். “ரெஜிஸ்டர்ல பேரு இருந்தாத்தான் தொழிலாளின்னு இல்லண்ணே. வேலை வாங்கினாங்களா, நீங்க பாத்தீங்களா, அதுதான் கேள்வி. உங்க பேர்லயே நஷ்டஈடு கேக்கலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். நாலு மாசம் இருக்கு.”

“பேருக்கு நின்னது தப்புன்னு சொன்னா?” என்று கேட்டார் அவர்.

“சொல்லுவாங்க. நிக்க விட்டது யாருன்னு நான் கேப்பேன்.” பிறகு என்னிடம், “ஆனா அத ஒரு ஆள் சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கணும். கார்டு குடுத்தது நீங்க. ஆஸ்பத்திரியில உங்க பேர்ல சேத்தது யாருன்னும் எழுதணும். இதுல உங்க மேலயும் கேஸ் வரலாம். சேத்தவர் மேல கண்டிப்பா வரும். வராதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்.”

மைனி என் முகத்தைப் பார்க்கவில்லை. சேர்த்தவர் யார் என்று அதற்குத் தெரியும். அவர் வீட்டின் பின்அறையில்தான் நான் குடியிருக்கிறேன் என்பதும் தெரியும்.

“அத்தான் பேர விட்டுட்டு எழுத முடியாதா?”

“முடியும். அப்ப சுடலைமணி தானே போய் உங்க பேரச் சொல்லிப் படுத்தார்னு ஆயிடும். கை துண்டான ஆளு மேலயே மோசடி விழும். மில்லுக்கு அது போதும்.”

எழுதினேன். மூன்று பக்கம். நான் தூங்கியதையும் எழுதினேன். மூடி கழற்றியதை எழுதினேன். மேனேஜரிடம் போனில் கேட்டுத்தான் சேர்த்ததாக அத்தான் என்னிடம் சொன்னதை எழுதினேன். செல்லச்சாமி என்று எழுதி, என் அக்கா கணவர் என்றும் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாளில் தொழிலாளர் துறை ஆட்கள் மில்லுக்கு வந்தார்கள். மெஷினைப் படம் எடுத்தார்கள். மூடி அதற்குள் பூட்டப்பட்டுவிட்டது, புது ஸ்குரூ பளபளத்தது என்று உள்ளே இருந்தவர்கள் சொன்னார்கள். பேருக்கு நிற்பது அன்றோடு நின்றது. அதை நம்பி வயிறு கழுவிய இருபது பேருக்கு மேல் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். அதில் ஒருவன் பூ மார்க்கெட்டில் என்னைப் பார்த்து, “ஏலே யோக்கியா, இனி என் பேருக்கு யாரு சோறு போடுவா?” என்றான். அடுத்த மூட்டையைத் தூக்கினேன்.

மில் எழுத்துமூலம் பதில் கொடுத்தது. நிர்வாகத்துக்கு எதுவும் தெரியாது, எல்லாம் சூப்பர்வைசர் செல்லச்சாமி தன்னிச்சையாகச் செய்தது என்று. அத்தானை அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்கள். பதினோரு வருடம் தான் சொன்னபடி நடந்த ஆளை மகாராஜன் நாலு வரியில் கைகழுவினார். அந்த மேனேஜர் இன்றும் அதே ஃபேனுக்கு அடியில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் கையெழுத்து எந்தத் தாளிலும் இல்லை. இந்த மாதிரி ஆட்கள் டீ கொடுப்பார்கள், கையெழுத்து மட்டும் போட மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது ராஜகுமாரி மைனி போன் பண்ணியது.

“தம்பி, மனுவ எடுத்துக்கிட்டாவ. நம்பர் போட்டாச்சு. மனுதாரர் சுடலைமணின்னு டைப் அடிச்சிருக்காவ. தகப்பனார் பேரும் போட்டிருக்கு. அடுத்த மாசம் விசாரணை. நீ வந்து சொல்லணும்.”

“வாரேன் மைனி.”

“அண்ணன் பேசணும்னு சொல்லுதாரு.”

அவர் போனை வாங்கினார். “சாப்ட்டியாலே” என்றார். வைத்துவிட்டார்.

வீட்டுக்குப் போனேன். என் பெட்டியும் பாயும் வாசலுக்கு வந்திருந்தன. அத்தான் உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அக்கா என் துணிகளை ஒரு கட்டைப்பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா.”

“நீ தூங்கப் போன. ஒருத்தன் கை போச்சு. நீ பேசப் போன. என் வீட்டுக்காரரு வேல போச்சு. நாளைக்கு போலீஸு வரும்னு சொல்லுதாவ. இன்னும் என்னல செய்யப் போற?”

“அடுத்த மாசம் விசாரணைக்குப் போறேன்.”

“போயி?”

“எழுதினதயே சொல்லுவேன்.”

“இவரு பேரயுமா?”

“மேனேஜர் சொல்லித்தான் செஞ்சேன்னு அத்தான் வந்து ஒரு வார்த்த சொல்லட்டும். வக்கீலம்மா கேக்காவ. அத்தான் மேல உள்ளது பாதியாவது குறையும்.”

கட்டிலில் இருந்து குரல் வந்தது. “சொல்லிட்டு? இந்த ஊர்ல எந்த மில்லுல எனக்கு வேல தருவான்? ஒன்ன மாதிரி மூட்ட தூக்கச் சொல்லுதியா?”

“ஆமா, நீரும் தூக்கும். ரெண்டு கையும் இருக்குல்லா.”

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னது பொய்யும் இல்லை. அத்தான் திரும்பவில்லை. அக்கா பையை என் கையில் கொடுத்தாள். அழவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் விசாரணைக்குப் போகாமல் இருக்க வேண்டும்.

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். பின்னால் கதவைச் சாத்தினாள். பிறகு பூட்டினாள்.