சத்தத்தை அப்புறம் போடலாம்

திரையில் முப்பத்து நான்கு விழுக்காடு என்று காட்டிய எண் வெகுநேரமாக நகரவில்லை. இன்ஷா அதையே பார்த்தபடி கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தலையணை, அதன்மேல் மடிக்கணினி. காலையிலிருந்து இரண்டாவது முறையாக அதில் விண்டோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலில் அவளைப் பெற்ற அத்தா காதர் மைதீனின் மூச்சு, சுவாச முகமூடிக்குள் ஏறியது, நின்றது, எதையோ யோசித்துவிட்டு இறங்கியது.

ஒன்பது மணிக்கு வந்துபோன தாதி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, இன்று மாலையைத் தாண்டாது, மகனைக் கூப்பிட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தாள். மூளையின் கட்டளை தசைகளுக்குப் போய்ச் சேராத நோய் அவருக்கு. முதலில் கை, பிறகு கால், பிறகு நாக்கு. சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்தொரு வருடம் புடவை விரித்துக் காட்டியவர், நாலு மொழியில் பேசி வாடிக்கையாளரை உட்கார வைப்பவர், எட்டு மாதமாகக் கண்ணால் மட்டும் பேசினார். இந்த மடிக்கணினித் திரையின் அடியில் ஒட்டிய ஒரு கறுப்புப் பட்டை அவர் கருவிழியைப் பின்தொடரும். எந்த எழுத்தில் பார்வை தங்குகிறதோ அந்த எழுத்து பதியும். வாக்கியம் முடிந்ததும் கணினி அதைச் செய்தி வாசிக்கிற குரலில் படிக்கும். "தலைப்புச் செய்தி என்னன்னா, உங்க அத்தாவுக்கு முதுகு அரிக்கிது" என்று அம்மா சிரிப்பாள்.

அந்தக் கணினிதான் காலையில் செத்துப்போனது. விடியலில் மருந்து கொடுக்க எழுந்த இன்ஷா, திரையில் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் படிக்காமலே 'சரி' என்று அழுத்திவிட்டுப் படுத்தாள். அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியது. சுபுஹு தொழுதுவிட்டு வந்த அம்மா, அத்தாவின் காதுக்கருகே ஓதல் ஓடட்டும் என்று சின்ன ஒலிபெருக்கியைக் கொண்டுவந்தாள். சுவர்ச் சாக்கெட்டில் இடமில்லை. கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதை மாட்டினாள். அந்தக் கணினியின் பேட்டரி போய் ஒரு வருடமாகிறது. பாதிப் புதுப்பிப்பில் திரை கறுத்துப்போனது.

இன்ஷா எழுந்து வந்தபோது பிளக் தரையில் கிடந்தது. ஒலிபெருக்கி குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருந்தது. அம்மாவோ, "அதுவா ஆஃப் ஆயிருச்சுமா, என்னன்னு பாரு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. கண் கருவியை இரவல் தந்த பேச்சுச் சிகிச்சையாளரின் அலுவலகம் பூட்டியிருந்தது. இன்ஷாவின் ஆபீஸ் மடிக்கணினியில் எதையும் நிறுவ அனுமதியில்லை. மேல்மாடி பூவம்மா அக்கா வீட்டு மேசைக் கணினியில்தான் விண்டோஸையும் டிரைவர்களையும் ஒரு பென்டிரைவில் இறக்கிக்கொண்டு வந்தாள். டிரைவர் என்பது, கணினிக்கு அதன் சொந்த உறுப்புகளை அறிமுகம் செய்து வைக்கிற சின்ன நிரல். அது ஏறாத வரை கணினிக்குத் தனக்குக் காது இருப்பது தெரியாது, கண் இருப்பது தெரியாது. மொத்தம் பன்னிரண்டு கோப்புகள். முதல் தடவை வரிசையாக எல்லாவற்றையும் போட்டாள். ஐந்தாவதாக வந்த ஒலி டிரைவரில் திரை நீலமாகி, பிறகு எழவே இல்லை. மறுபடி முதலிலிருந்து.

போன் அடித்தது. சாங்கி விமான நிலையத்தில் கார்கோ வேலையில் இருக்கும் தம்பி அர்ஃபான்.

"அக்கா, எப்படி இருக்கு?"

"முப்பத்துநாலுலயே நிக்கிது."

"நான் அத்தாவக் கேட்டேன்."

இன்ஷா கட்டிலை நிமிர்ந்து பார்த்தாள். "முழிச்சிருக்காங்க. சீக்கிரம் வா."

"ரிலீஃப் வந்துட்டான். ஹேண்டோவர் பண்ணிட்டு ஓடி வந்துர்றேன்." அவனுக்குப் பின்னால் ஏதோ வண்டி பின்னோக்கி நகரும் பீப் ஒலி. "அக்கா, இந்தத் தடவ எல்லாத்தையும் போடாத. கைரேகை, புளூடூத்துலாம் யாருக்கு? டிஸ்ப்ளே போடு, கண்ணு கேமராவப் போடு, போதும் லா."

"சவுண்டு?"

"அதுதான தொங்க வச்சுச்சு. சத்தத்த அப்புறம் போடலாம்."

அத்தாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா ஓதிக்கொண்டிருந்த கித்தாபை மூடினாள். "என்ன சொல்றான்?"

"சத்தம் இப்ப வேணாங்குறான். எழுத்து மட்டும் வரும்."

"சத்தம் இல்லாட்டி எப்படி? கலிமா என் காதுல விழ வேணாமா? உங்க அத்தா வாயால சொன்னாங்கன்னு நான் நாளைக்கு நாலு பேருட்ட சொல்ல வேணாமா?"

"எழுதினா போதும்னு ஹஜ்ரத்துதான சொன்னாரு."

போன மாதம் அம்மா இதற்கென்றே பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்திடம் கேட்டிருந்தாள். நாக்கு எழாதவர் கண்ணால் எழுதினால் அது கணக்கில் வருமா என்று. எழுதுவதும் பேச்சுதாம்மா என்று அவர் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே ஆசை. கடைசியாக அவர் சொல்வது, அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை என்கிற கலிமாவாக இருக்க வேண்டும். வேறு எதுவாகவும் இருந்துவிடக் கூடாது.

"சொன்னாரு. ஆனா சத்தம் இருந்துச்சுன்னா நல்லதுதான? நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு இந்தச் சனியன்."

இன்ஷா வெடுக்கென்று நிமிர்ந்தாள். "ஏம்மா, காலையில நீ..." என்று தொடங்கினாள்.

அத்தாவின் கண்கள் சட்டென்று அவள் பக்கம் திரும்பின. அவளைப் பார்த்தன, சுவரைப் பார்த்தன, மறுபடி அவளைப் பார்த்தன. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து, பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினாள். கண்கள் இன்னும் அவள்மீதே இருந்தன. சொல்ல வந்தது அப்படியே நின்றுபோனது.

"காலையில நான் என்ன?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல. காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல."

எண் நூறைத் தொட்டபோது பன்னிரண்டு மணி. புதிதாக எழுந்த திரையில் படங்கள் பெரிது பெரிதாக, பாதி வெளியே தள்ளிக்கொண்டு நின்றன. இன்ஷா கோப்புகளின் பட்டியலைத் திறந்தாள். மனிதனுக்கு இப்படி ஒரு பட்டியலைக் கொடுத்து, நேரம் குறைவு, இரண்டை எடுத்துக்கொள் என்று சொன்னால் எதை எடுப்பான் என்று தோன்றியது. திரைக்கானதை ஏற்றினாள். படங்கள் சுருங்கி ஒழுங்காகின. பிறகு கண் பட்டைக்கானது. கணினி அணைந்து எழுந்தது. பட்டையின் ஓரத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் மினுங்கின. தமிழ் விசைப்பலகையை ஏற்றி முடித்தபோது ஒலிக்கான கோப்பு பட்டியலில் அப்படியே இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

கணினியைக் கட்டிலின் கைத்தாங்கியில் பொருத்தினாள். கருவி அவர் கண்ணைப் புதிதாகப் பழக வேண்டும். திரையில் ஒன்பது இடங்களில் ஒரு பச்சைப் புள்ளி வரும், அதை அவர் பார்க்க வேண்டும்.

"அத்தா, முடியுமா?"

கண் மேலே போனது. ஆமாம்.

முதல் புள்ளி. இரண்டாவது. நான்காவதில் இமை சரிந்தது. புள்ளி அங்கேயே காத்திருந்தது. இமை எழுந்தது. ஐந்து. ஒன்பதாவது புள்ளி வலது மூலையில் வெடித்து மறைந்ததும் விசைப்பலகை விரிந்தது. பார்வை அதன்மேல் மெல்ல ஊர்ந்தது. அரை நிமிடத்துக்கு ஓர் எழுத்து.

*கடை தொறந்தாச்சா*

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "தொறந்தாச்சுங்க. மொத ஆளு நாந்தான்." அவர் முகத்தருகே குனிந்தாள். "என்னங்க, கலிமா சொல்லுங்க."

வழக்கமாக அவர் இரண்டு எழுத்து எழுதுவதற்குள் மீதியை அம்மா ஊகித்துச் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் தப்பாக. அவர் எரிச்சலோடு கண்ணை மூடிக்கொள்வார். இன்று அவள் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கீழே சாலையில் ஞாயிறு கூட்டம் இரைந்தது. யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. ஓர் எழுத்தின் புள்ளி இடம் மாறி விழுந்தது. அவர் திரும்பிப் போய் அதை அழித்து, சரியான இடத்தில் வைத்தார். அதற்கே இரண்டு நிமிடம் ஆனது.

*லா இலாஹ இல்லல்லாஹ்*

அம்மா ஒரு முறை வாய்விட்டுப் படித்தாள். அவர் நெற்றியில் முத்தமிட்டாள். பிறகு நிமிர்ந்து, "போதும். மூடிரு" என்றாள்.

"அம்மா..."

"மூடுன்னா மூடு. சொல்லிட்டாங்க. இனிமே யாரும் அவங்கள்ட்ட பேச்சுக் கொடுக்கக் கூடாது. வேற ஒரு வார்த்த பேசிட்டாங்கன்னா திரும்ப ஆரம்பத்துலேர்ந்து கலிமா சொல்லிக் கொடுக்கணும். அதுக்கு அவங்களுக்குத் தெம்பு இருக்கா?"

இன்ஷா திரையைக் கீழே சாய்த்தாள். ஐந்து மணி நேர வேலை, ஐந்தாறு சொற்கள். அத்தாவின் கண்கள் மூடியின் முதுகில் நிலைத்திருந்தன.

ரேடியோவில் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. அம்மா கைகால் முகம் கழுவி ஒளு செய்துகொண்டு உள்ளறைக்குப் போனாள். கதவைப் பாதி திறந்து வைத்திருந்தாள். தொழுகைப் பாயை உதறும் ஓசை கேட்டது.

அத்தா இன்னும் மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தா," என்று மிக மெதுவாகக் கூப்பிட்டாள். "வேணுமா?"

கண் மேலே போனது.

இன்ஷா கதவைப் பார்த்தாள். அம்மா தக்பீர் கட்டித் தொழத் தொடங்கியிருந்தாள். நாலு ரக்அத்து, அதற்குப் பிறகு கையேந்திக் கேட்கிற அம்மாவின் நீண்ட துஆ. பத்து நிமிடம் இருக்கலாம். மூடியைத் தூக்கினாள். ஒலிக்கான கருவி அடையாளம் தெரியவில்லை, இப்போது நிறுவலாமா என்று ஒரு பெட்டி எழுத்தை மறைத்துக்கொண்டு வந்து நின்றது. 'வேண்டாம்' என்று அழுத்தினாள். கலிமாவின் கீழே புது வரி திறந்தது.

அவர் எழுதினார். இடையில் இரண்டு முறை கண் சொருகியது. முகமூடிக்குள் மூச்சு ஒரு முறை நின்று, அவள் எழுந்து நின்றுவிட்ட பிறகு, மறுபடி வந்தது. உள்ளே அம்மா ருகூஉக்குக் குனிவதும் நிமிர்வதும் கதவிடுக்கில் வெள்ளையாகத் தெரிந்தது.

*பிளக்க*

இன்ஷா படித்தாள். ஊகித்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

*பிளக்க அம்மாட்ட சொல்லாத*

காலையில் அவர் விழித்துத்தான் இருந்திருக்கிறார். அம்மா குனிந்ததையும் பிடுங்கியதையும் திரை கறுத்ததையும் பார்த்துக்கொண்டு, சொல்ல ஒரு வழியும் இல்லாமல் படுத்திருந்திருக்கிறார். பிறகு மகளின் முகத்தையும் பார்த்திருக்கிறார்.

"சொல்ல மாட்டேன் அத்தா." அவர் போதாது என்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தார். "எப்பவும் சொல்ல மாட்டேன். நானும் தான அத்தா படிக்காம ஓகேன்னு அமுக்கினேன்."

கண்கள் இளகின. அவள் அந்த வரியை மட்டும் அழித்தாள். ஒவ்வோர் எழுத்தாக, பின்னாலிருந்து. மூடியை இறக்கினாள்.

அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. எழுதுவதும் பேச்சுதான்.

உள்ளே அம்மா கடைசி இருப்பில் இருந்தாள். தலையை வலப்புறம் திருப்பினாள், இடப்புறம் திருப்பினாள். இன்ஷா கட்டிலில் ஏறி அத்தாவின் தலைமாட்டில் மண்டியிட்டாள். காதோடு வாயை வைத்துக் கலிமாவைச் சொன்னாள். அவசரப்படாமல், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடம் விட்டு, அவர் உள்ளே சொல்லிக்கொள்ளட்டும் என்று. முடித்ததும் மறுபடி சொன்னாள்.

"என்ன பண்றே?"

துஆவை முடிக்காமலே அம்மா வந்துவிட்டிருந்தாள். தொழுகை உடை காலைத் தட்டியது. "அதான் சொல்லிட்டாங்கள்ல. சொன்னவங்களத் தொந்தரவு பண்ணக் கூடாது. ஒரு தடவ சொல்லிட்டா விட்டுரணும்னு எத்தன தடவ..."

இன்ஷா நிறுத்தவில்லை. கண்ணீர் மூக்கு நுனியில் வந்து நின்றது. துடைத்துக்கொள்ளாமல் மூன்றாவது முறை தொடங்கினாள்.

அம்மா அப்படியே நின்றாள். மூடியிருந்த கணினியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். அவர் கண் அம்மாவின் மேலேயே இருந்தது. அம்மாவின் உதடுகள் எதையோ கேட்பதற்காகப் பிரிந்தன. கேட்கவில்லை. கட்டிலின் மறுபுறம் சென்று, அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகளின் வேகத்துக்குத் தன் குரலை இறக்கி, அவளும் சொல்லத் தொடங்கினாள்.

ஒருமுறை கண் மேலே போனது. இரண்டு பேருமே பார்த்தார்கள்.

எவ்வளவு நேரம் சொன்னார்கள் என்று தெரியவில்லை. முகமூடி இயந்திரம் மட்டும் இரைந்துகொண்டிருப்பதை முதலில் கவனித்தது அம்மாதான். அவள் கையை நீட்டி அவர் இமைகளை மூடினாள். சற்று நேரம் உள்ளங்கையை அங்கேயே வைத்திருந்தாள். மெல்ல ஏதோ ஓதினாள். பிறகு எழுந்து போய், போர்வைக்கு வெளியே தெரிந்த கால்களைச் சேர்த்து மூடினாள்.

இன்ஷாவின் போன் தரையில் ஒளிர்ந்தது. தம்பியின் செய்தி. டாக்ஸியில் ஏறிவிட்டானாம், டிரைவரை விரட்டிக்கொண்டு வருகிறானாம்.

"யாரு, தம்பியா?" என்றாள் அம்மா. குனிந்து போர்வையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். "மெதுவா வரச் சொல்லு. அவசரம் ஒண்ணும் இல்லன்னு சொல்லு."